கலைச்சொல் வேண்டும்: ‘கிராவல்’ பாதை, ஞாயிறு இரவுக்குள்

பாரிஸிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். மிதிவண்டிக்காரர்களுக்கான கட்டற்ற வரைபடச் செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஞாயிறு இரவோடு பூட்டிவிடுவார்கள். மிச்சம் இருப்பதெல்லாம் தரையைப் பற்றிய சொற்கள்.

செயலியில் மாதிரிக்கு வைத்திருக்கும் பாதை, தெற்குப் பிரான்சில் செவென் மலைகளை ஒட்டிய கோஸ் மெஜான். சுண்ணக்கல் மேட்டுநிலம், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம். ஒரு பக்கம் தார்ன் ஆறும் மறுபக்கம் ஜோந்த் ஆறும் 400, 500 மீட்டர் ஆழத்துக்கு அறுத்து இறங்கியிருக்கின்றன. ஆற்றோரம் போவது தார்ச்சாலை. (தார்ன் ஆற்றங்கரையில் தார் என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.) கொண்டையூசி வளைவுகளில் மேலே ஏறிவிட்டால் சுண்ணக்கல் பொடிந்த வெள்ளைப் பாதைகள். இந்த மாதிரி வழிகளில் தடித்த டயர் போட்ட சைக்கிளில் போவதைத்தான் இப்போது கிராவல் என்கிறார்கள். தரைக்கும் அந்த ஓட்டத்துக்கும் சொல் வேண்டும். பொத்தானில் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் போனால் வெட்டிவிடும்.

கோவையிலிருந்து:

தம்பி, இதற்கு விவாதமே வேண்டாம். கிராவல் என்றே போடுங்கள். பொதுப்பணித்துறை மதிப்பீட்டில் கிராவல், லாரிக்காரர் வாயில் கிராவல், மண் கடத்தல் செய்தியிலும் கிராவல். ஆனால் ஒன்று. நம் ஊர்க் கிராவல் என்பது செம்மண்ணும் பொடிக்கல்லும் கலந்தது. உங்கள் செயலி எதைச் சொல்கிறது? உடைத்த கல் என்றால் அது ஜல்லி. ஜல்லியைப் பரப்பி உருளை ஓட்டினால் கப்பி ரோடு. மூன்றும் வேறு.

மதுரையிலிருந்து:

சொல் இருக்கும்போது கடன் எதற்கு? ‘பரல் முரம்பு ஆகிய பயம் இல் கானம்’ என்கிறது அகநானூற்றின் ஐந்தாம் பாட்டு. பரல் கிடக்கும் மேட்டுநிலம்தான் முரம்பு. கல், மேடு, இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. பிரான்சின் மேட்டுநிலத்துக்கு இதைவிடப் பொருத்தமாக யார் செய்து தரமுடியும்? பாதைக்கு அதே பாட்டில் ‘அதர்’ இருக்கிறது. ஆக ‘முரம்பதர்’. ஆறெழுத்துதான், பொத்தானில் தாராளமாக அடங்கும்.

மேலும், மராட்டியிலும் இந்தியிலும் சாலைக்குப் போடும் மண்ணை முரூம், மொரம் என்கிறார்கள். அது நம் முரம்பிலிருந்து போனது என்று சத்தியம் செய்வேன். அப்புறம் ‘ஆறு’ என்பதற்கே வழி என்றும் நதி என்றும் பொருள். ஆற்றுப்படை என்றால் வழிப்படுத்துவது. பள்ளத்தாக்கு வழியே போகும் பயணத்துக்கு ‘ஆற்றூர்தி’ என்று...

வவுனியாவிலிருந்து:

ஐயா, சத்தியம் வேண்டாம், சான்று தாருங்கள். நீங்கள் எடுத்துக்காட்டிய பாட்டிலேயே அந்த வழியின் கல் ‘விரல் நுதி சிதைக்கும்’ என்று வருகிறது. கால்விரல் நுனியைக் கிழிக்கிற கல்லுக்கு என்ன டயர் தாங்கும்? தலைவன் போகாமல் நின்றுவிட்ட வழி அது. அந்தப் பெயரை உல்லாசப் பயணத்துக்கு வைக்கலாமா?

எங்கள் பக்கம் கிரவல் வீதி என்றுதான் பேச்சு. பிரதேச சபைக் கடிதத்திலும் அப்படியே எழுதுவார்கள். கோவையில் கிராவல், வவுனியாவில் கிரவல் என்றால் அந்தச் சொல் குடியேறி வெகுகாலம் ஆகிவிட்டது.

புதுவையிலிருந்து:

குடியேறிய கதையில் இன்னும் ஒரு சுற்று உண்டு. அந்தச் சொல்லின் மூலமே பழைய பிரெஞ்சு. ‘க்ராவ்’ என்றால் மணலும் கூழாங்கல்லும் கிடக்கும் கரை. போர்தோ பக்கத்தில் திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர் போன க்ராவ் என்ற பகுதி அதனால் வந்த பெயர்தான். அதன் சிறுமை வடிவம் ‘க்ராவெல்’ ஆங்கிலத்துக்குப் போய், இப்போது சைக்கிளில் ஏறி ‘ல கிராவெல்’ என்று ஆண்பாலாகப் பிரான்சுக்குத் திரும்பியிருக்கிறது. வீட்டில் இருந்த பெண்பால் ‘க்ராவெல்’ என்ன ஆயிற்று என்கிறீர்களா? பழைய வைத்திய நூல்களில் சிறுநீரகக் கல்! நாம் கல்லடைப்பு என்கிறோமே, அதுதான். ஆகவே நேர்ப்பெயர்ப்பு வேண்டும் என்பவர்கள் கவனமாக இருக்கவும்.

என் யோசனை ‘சரளை’. பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

மதுரையிலிருந்து:

புரிதல் புரிதல் என்று சொல்லியே எல்லாவற்றையும் இழந்தோம். ‘பேருந்து’ வந்த நாளில் யாருக்குப் புரிந்தது? பழகினால் முரம்பும் புரியும். ‘பீடபூமி’ என்று வடசொல்லை எழுதுபவர்களோடு நான் என்ன பேச?

கோவையிலிருந்து:

இங்கே யாரும் பீடபூமி என்று எழுதவில்லை ஐயா. தம்பி மேட்டுநிலம் என்றுதான் எழுதினார். ஆனால் நீங்கள் கிளப்பியதால் சொல்கிறேன், தக்காணப் பீடபூமியை மேட்டுநிலமாக மாற்றினால் அடுத்த தேர்வில் பிள்ளைகள்தான் அடி வாங்குவார்கள்.

பாரிஸிலிருந்து:

கொஞ்சம் தரைக்கு வருவோம். செயலி தரவை எடுப்பது, தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் கட்டற்ற உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து. அங்கே ‘கிராவல்’ என்று குறித்தால் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடுவது போன்ற உடைகல் என்றுதான் முதலில் வரையறுத்தார்கள். கோவை ஐயா சொன்ன ஜல்லி. நடைமுறையில் பலர் பொடிக்கல்லுக்கும் அதையே போட்டுவிடுகிறார்கள். கல், மணல், களி கலந்து உருளை ஓட்டி இறுக்கியது வேறு வகை. வண்டித்தடங்களின் உறுதிக்கு ஒன்று முதல் ஐந்து வரை தனித் தரமும் உண்டு.

ஓட்டுகிறவனுக்கு இந்த வித்தியாசம் உடம்பில் தெரியும். மெஜான் மேலே இறுகிய வெள்ளைப் பாதையில் சக்கரம் ‘சர்ர்’ என்று ஒரே சுருதியில் போகும். ஒரு பண்ணையைத் தாண்டினதும் புதிதாகக் கொட்டிய உடைகல் வரும். முன்சக்கரம் தன் இஷ்டத்துக்கு நழுவும், கல் தெறித்துச் சட்டத்தில் ‘டங்’ என்று அடிக்கும், பிரேக்கைத் தொட்டால் விழுந்தோம். மழை பெய்தால் களி ஒட்டி டயருக்கும் அதைப் பிடித்திருக்கும் கவைக்கும் நடுவே அடைத்துக்கொள்ளும், குச்சியால் நோண்டி எடுக்கவேண்டும். எல்லாவற்றையும் முரம்பு என்று ஒரே பெயரில் போட்டால் நம்பி வருகிறவர் பல் போகும்.

இன்னும் இரண்டு சொல் பாக்கி. ‘த்ராய்’ என்பது மந்தைகள் கோடையில் செவென் பக்கம் மலை ஏறும் பழைய தடம். ‘லவோன்யே’ என்பது ஆடு தண்ணீர் குடிக்க அடியில் கல் பாவிய வட்டக் குட்டை. சுண்ணக்கல்லில் மழை நிற்காமல் உள்ளே இறங்கிவிடும், மேலே ஓடை கிடையாது. அதனால் குழியில் களி பூசித் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

வவுனியாவிலிருந்து:

தம்பி, இது யாழ்ப்பாணத்துக் கதை மாதிரியே இருக்கிறது! அங்கேயும் சுண்ணக்கல், அங்கேயும் வற்றாத ஆறு இல்லை, மழை எல்லாம் நிலத்துக்குள். தெருவோரம் மாடு குடிக்கத் தண்ணீர்த் தொட்டி கட்டி, பக்கத்தில் உடம்பு தேய்க்க ஆவுரோஞ்சிக் கல் நட்டு வைத்த ஊர் அது. ஆனால் தொட்டி கட்டியது, லவோன்யே குழித்தது. ‘மந்தைக்கேணி’ என்றால் என்ன?

கோவையிலிருந்து:

கேணிக்கு ஆழம் வேண்டாமா? ஆடு நடந்து இறங்கிக் குடிக்கிறது என்றால் குட்டைதான். ‘கல்குட்டை’ என்றால் கல் குவாரி நினைவு வரும். ‘ஆட்டுக்குட்டை’ போடுங்கள். த்ராய்க்கு ‘மந்தைத் தடம்’. ராமநாதபுரத்தில் ஆடு மேய்க்கும் கீதாரிகளிடம் கேட்டால் இன்னும் நல்ல சொல் கிடைக்கும், ஆனால் ஞாயிற்றுக்குள் கிடைக்காது.

புதுவையிலிருந்து:

மந்தைத் தடம் சரி. 2011-இல் யுனெஸ்கோ கோஸ் மேட்டுநிலங்கள், செவென் மலைகள் இரண்டையும் சேர்த்து உலக மரபிடமாக அறிவித்ததே இந்த மேய்ச்சல் வாழ்க்கைக்காகத்தான். இந்தப் பக்கத்து ஆட்டுப்பாலில்தான் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டி. பாலாடைக்கட்டி சரியா, பாற்கட்டி சரியா என்று தயவுசெய்து இப்போது தொடங்கவேண்டாம்.

மதுரையிலிருந்து:

பாற்கட்டிதான்.

பாரிஸிலிருந்து:

நாளை ஞாயிறு. இப்படிப் போடப்போகிறேன்: உடைகல்லுக்கு ‘ஜல்லி’, பொடிக்கல்லுக்குச் ‘சரளை’, உருளை ஓட்டியதற்கு ‘இறுகிய சரளை’. ஓட்டத்துக்குச் ‘சரளைச் சவாரி’. மறுப்பு உண்டா?

மதுரையிலிருந்து:

சவாரி பாரசீகம். ‘சரளை ஊர்தல்’ என்க. குதிரை ஊர்ந்தான், தேர் ஊர்ந்தான் என்று எழுதிய மொழி இது.

வவுனியாவிலிருந்து:

இன்றைக்கு ஊர்வது பாம்பும் பூச்சியும் ஐயா.

பாரிஸிலிருந்து:

சேன்த் எனிமி கிராமத்திலிருந்து மெஜான் மேலே ஏறும்போது நான் செய்தது ஊர்தல்தான், எந்தக் காலத்துப் பொருளிலும். இருந்தாலும் பொத்தானில் போடமாட்டேன்.

கோவையிலிருந்து:

சரளைப் பாதையில் சரளமாகப் போகமுடியாது என்பது ஒன்றுதான் என் வருத்தம். சரி, என் ஓட்டு சரளைச் சவாரிக்கு. ஆனால் தேடும் பெட்டியில் ‘கிராவல்’, ‘கிரவல்’ இரண்டையும் மறைசொல்லாக வையுங்கள். மக்கள் அதைத்தான் தட்டச்சு செய்வார்கள்.

புதுவையிலிருந்து:

எனக்கும் சம்மதம். சரளைச் சவாரியில் ‘ச்’ கண்டிப்பாக வரவேண்டும், விட்டுவிடாதீர்கள்.

வவுனியாவிலிருந்து:

சம்மதம் என்று சொல்லமாட்டேன், களைத்துவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பிள்ளைகள் ஜல்லி என்றால் தெரியாமல் முழிப்பார்கள். இலங்கைக்குத் தனிப் பதிப்பு வந்தால் சல்லிக்கல், கிரவல், துவிச்சக்கர வண்டி. பொத்தானை அகலமாக்கச் சொல்லுங்கள்.

பாரிஸிலிருந்து:

அனுப்பிவிட்டேன். மந்தைத் தடம், ஆட்டுக்குட்டை இரண்டும் ஏறிவிட்டன. இறுகிய சரளை வரைபடக் குறிப்பில் இரண்டு வரியாக உடைகிறது, பரவாயில்லை.

மதுரையிலிருந்து:

என் மறுப்பைப் பதிவு செய்க. முரம்பு பற்றி நீண்ட மடல் நாளை வரும். முரூமுக்குச் சான்றும் தேடிக்கொண்டிருக்கிறேன்.