'தி சூட்' கதையைத் தமிழில் இசை நாடகமாகப் போடுகிறோம்: சூட்டுக்குப் பாட்டு வைக்கலாமா?

சாட்ஸ்வர்த் வாத்தியார்:
வணக்கம். எங்கள் சங்கத்துத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை வைத்து வருஷா வருஷம் ஒரு நாடகம் போடுகிறோம். வள்ளி திருமணமும் அரிச்சந்திராவும் ஆகிவிட்டன. இந்த முறை நம் தென்னாப்பிரிக்கக் கதையையே எடுக்கலாமென்று, இந்நாட்டு எழுத்தாளர் கேன் தெம்பாவின் 'தி சூட்'டைப் பாட்டோடு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

படிக்காதவர்களுக்காக: ஜோகன்னஸ்பர்க்கின் சோஃபியாடவுனில் ஃபிலமன், மட்டில்டா என்று ஒரு தம்பதி. காலையில் அவனே சமைத்து, தட்டில் வைத்துப் படுக்கைக்கே கொண்டுபோய்க் கொடுப்பான். பஸ்ஸில் ஒரு நண்பர் சொல்லித்தான் வீட்டு விஷயம் அவனுக்குத் தெரிகிறது. திரும்பி வந்து பார்த்தால் கள்ளக்காதலன் ஜன்னல் வழியே ஓட்டம், அவன் விட்டுப்போன கோட்டு சூட் மட்டும் மிச்சம். ஃபிலமன் அடிக்கவில்லை. 'இந்தச் சூட் நம் வீட்டு விருந்தாளி, வேளாவேளைக்குச் சாப்பாடு போடு' என்கிறான். அந்தத் தண்டனையிலேயே அவள் செத்துப்போகிறாள்.

பாட்டு இல்லாவிட்டால் எங்கள் ஜனம் டிக்கெட் வாங்காது. அதனால் சோறு ஊட்டும் காட்சிக்கு ஒரு சிரிப்புப் பாட்டு போட்டேன். ஒத்திகையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மட்டில்டாவாக நடிக்கிற பெண்ணுக்கு மட்டும் அடுத்த காட்சியில் அழுகை வரவே மாட்டேன் என்கிறது. மெட்டு நன்றாக அமைந்துவிட்டது, தூக்கவும் மனசு வரவில்லை. என்ன செய்யலாம்? அப்புறம், கதையை அப்படியே டர்பனில் நம்மவர்கள் வாழ்ந்த கேட்டோ மேனருக்கு மாற்றிவிடலாமா?

மிருதங்கம்:
பாட்டு இருக்கட்டும் சார். முதலில் சிரித்தால்தான் கடைசியில் ஜனம் அழும். கேட்டோ மேனருக்கு என் ஓட்டு. எங்கள் ஆயா அந்த ஊர்க்காரர், முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்.

பீனிக்ஸ் அக்கா:
ஊரை மாற்றாதீர்கள் தம்பி. கேட்டோ மேனர்தான் வேண்டுமென்றால் ரோனி கோவெண்டர் எழுதிய கதைகளே இருக்கின்றன, அவற்றை எடுங்கள். சோஃபியாடவுனை நிறவெறி அரசு 1955-ல் இடிக்க ஆரம்பித்தது. அந்த ஊரில் வாழ்ந்தவர் தெம்பா. அவர் கதை அங்கேயே இருக்கட்டும். உரிமை விஷயம்: கதை 1963-ல் அச்சானது. இங்கே எழுத்தாளர் இறந்து 50 வருஷம் வரைதான் உரிமை, அது தாண்டிவிட்டது. ஆனால் இந்தக் கதையை மேடையேற்றிய இங்கிலாந்து இயக்குநர் பீட்டர் புரூக் குழுவின் நாடகப் பிரதி வேறு, அதிலிருந்து ஒரு வரிகூட எடுக்க வேண்டாம். எதற்கும் நாடக உரிமைகளைக் கவனிக்கும் டால்ரோ அமைப்புக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

கிரே ஸ்ட்ரீட் டெய்லர்:
நான் தையல்காரன். சின்ன வயசில் கோயில் கூத்துக்கு ஆர்மோனியமும் போட்டிருக்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் பேசுகிறேன், வாத்தியார் கோபித்துக்கொள்ளக் கூடாது.

முதலில் சூட். கடையில் கிடைக்கிற, உள்ளே கேன்வாஸைப் பசையால் ஒட்டிய கோட்டை நாற்காலியில் வைத்தால் துவண்டு விழும். எந்தப் பாட்டாலும் அதைத் தூக்கி நிறுத்த முடியாது. உள்ளே கேன்வாஸை ஊசியால் தைத்து, தோளுக்குப் பேட் வைத்த பழைய கோட்டு வேண்டும். ஆள் இல்லாவிட்டாலும் நெஞ்சு நிமிர்ந்து நிற்கும். ஃபிலமனாக நடிக்கிற பையனைவிட ஒரு சுற்றுப் பெரிய அளவாகப் பாருங்கள். தன்னைவிடப் பெரிய ஆள் தன் மேஜையில் உட்கார்ந்திருப்பதுதானே அவன் வயிற்றெரிச்சல்!

இனி பாட்டு. கூத்தில் ராஜா வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள், உள்ளேயிருந்து ராஜா விருத்தம் பாடுவார், கட்டியக்காரன் ஆள் யாரென்று விசாரிப்பான். அந்த மரியாதை முழுவதையும் சூட்டுக்குக் கொடுங்கள். திரை பிடியுங்கள், மத்தளம் அடியுங்கள், கட்டியக்காரன் 'தாங்கள் யார்?' என்று பாடிக் கேட்கட்டும். திரை விலகினால் ஒரு கோட்டு. பதில் கிடையாது. உங்கள் சிரிப்பு மெட்டு இங்கே வரட்டும், வீணாகாது. அதற்கப்புறம் சோறு ஊட்டும்போது ஒருவரும் பாடக் கூடாது, கரண்டி தட்டில் படுகிற சத்தம் போதும். அந்தப் பெண்ணுக்கு அழுகை தானாக வரும்.

மீதிப் பாட்டெல்லாம் மட்டில்டாவுக்கே. ஃபிலமன் பேசட்டும், பாட வேண்டாம். பாடத் தெரிந்தவனாக இருந்தால் இப்படி ஒரு தண்டனை அவனுக்குத் தோன்றியிருக்குமா?

புரூக் 2012-ல் ஆங்கிலத்தில் இசையோடு போட்டபோது சில நாற்காலி, துணி மாட்டும் ஸ்டாண்டு, மூன்று வாத்தியக்காரர், அவ்வளவுதான். கதையில் அந்த வீட்டில் விருந்து நடக்கிற காட்சிக்குப் பார்வையாளர்கள் சிலரையே மேடையேற்றி விருந்தாளி ஆக்கினார். அந்த யோசனை நம் ஆட்களுக்கு நன்றாகப் பொருந்தும். பெற்றோரில் சிலரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பக்கத்து நாற்காலியில் சூட் வந்து உட்காரும்போது அவர்கள் முகம் போகிற போக்கைப் பாருங்கள்.

சாட்ஸ்வர்த் வாத்தியார்:
அண்ணே, திரை யோசனை பிரமாதம். ஊரையும் மாற்றவில்லை. அந்த மாதிரிக் கோட்டுக்கு எங்கே போவேன்?

கிரே ஸ்ட்ரீட் டெய்லர்:
அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போன கஸ்டமர் சூட் ஒன்று என்னிடம் தொங்குகிறது, டபுள் பிரெஸ்ட், சாம்பல் நிறம். எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று: ஊட்டுவது வெறும் சோறாக இருக்கட்டும். கறிக்குழம்பு பட்டால் மஞ்சள் கறை எதற்கும் போகாது.