என் நிலத்தில் என் மதில்: பக்கத்து வீட்டு வெளிச்சம் போனால் வழக்கு நிற்குமா?

மதில்மேல்பூனை:
எல்லாருக்கும் வணக்கம். என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே உள்ள மதில் முழுக்க என் நிலத்தில் நிற்கிறது. அளந்தும் பார்த்தாயிற்று. இப்போது 5 அடி உயரம், அதை 12 அடி ஆக்கப் போகிறேன். அப்படிச் செய்தால் கூடத்து ஜன்னல் இருண்டுவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் நான் மாடியில் அறை கட்டும்போது இவர் புகார் கொடுத்து வேலையை இரண்டு மாதம் நிறுத்தினார். கடைசியில் புகாரில் ஒன்றுமில்லை என்று தள்ளிவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனாலும் என் நிலம், என் செங்கல், என் பணம். இதில் வழக்குப் போட என்ன இருக்கிறது? அந்தப் புகாருக்கு நான் அவரிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா? எந்த நாடு என்று இங்கே எழுதவில்லை, அவரும் இதைப் படிக்கிறவர்தான்.

பழைய வக்கீல்:
நாடு தெரியாமல் முடிவாகச் சொல்ல முடியாது தம்பி. இந்தக் கேள்விக்கு நாட்டுக்கு நாடு நேர் எதிரான பதில் உண்டு.

பிரான்சில் 1855-இல் கோல்மார் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு கிட்டத்தட்ட உங்களுடையதுதான். ஒருவர் தன் கூரைமேல் புகையே போகாத ஒரு பொய்ப் புகைபோக்கியைக் கட்டினார். பக்கத்து வீட்டு ஜன்னலை மறைப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. இடிக்கச் சொல்லிவிட்டார்கள். 1915-இல் இன்னொன்று. ஆகாயக் கப்பல் (வாயு நிரப்பிப் பறக்கவிடும் பெரிய ஊர்தி) நிறுத்தும் கொட்டகைக்குப் பக்கத்து நிலக்காரர் 16 மீட்டர் உயர மரச்சட்டங்களை நட்டு, உச்சியில் கூரான இரும்புக் கம்பிகளை வைத்தார். ஒரு கப்பல் அதில் மாட்டிச் சேதமானது. அவர் நஷ்டஈடு கட்டினார், கம்பிகளையும் எடுக்க வேண்டி வந்தது. ஆனால் மரச்சட்டங்களை எடுக்கச் சொல்லவில்லை, அவற்றால் சேதம் வந்ததாக நிரூபணமாகவில்லை. எனக்குப் பிடித்த இடம் அதுதான். உரிமையை மொத்தமாகப் பிடுங்கவில்லை, கெடுதல் செய்த அந்த முனையை மட்டும் வெட்டினார்கள்.

ஜெர்மன் சிவில் சட்டம் 226-ஆம் பிரிவு (1900 முதல் நடப்பில் உள்ளது), அடுத்தவருக்குக் கேடு செய்வது மட்டுமே நோக்கமாக இருக்கக்கூடிய உரிமைப் பயன்பாடு செல்லாது என்கிறது. 'மட்டுமே' என்பதைக் கவனியுங்கள். வேறு ஏதாவது நியாயமான பயன் இருந்தாலே அந்தப் பிரிவு பிடிக்காது.

மதில்மேல்பூனை:
ஆங்கிலேயச் சட்ட வழியில் வந்த நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள் ஐயா.

பழைய வக்கீல்:
அப்படியானால் முதல் சுற்று உங்களுக்குச் சாதகம். 1895-இல் பிராட்ஃபோர்டு நகராட்சிக்கும் பிக்கிள்ஸ் என்ற நிலக்காரருக்கும் நடந்த வழக்கில், அவர் தன் நிலத்தைத் தோண்டியதால் ஊருக்குப் போகும் நிலத்தடி நீர் குறைந்தது. நிலத்தை நல்ல விலைக்கு நகராட்சி தலையில் கட்டவே தோண்டினார் என்றார்கள். அப்படியே இருந்தாலும், சட்டப்படியான செயல் கெட்ட எண்ணத்தால் சட்டவிரோதம் ஆகாது என்று பிரபுக்கள் அவை (அன்று பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிமன்றம்) சொல்லிவிட்டது.

இதைப் படித்துவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று, வெளிச்சத்துக்கே தனி உரிமை உண்டு. இந்தியாவில் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் (அடுத்தவர் நிலத்தின் மேல் ஒருவருக்கு உள்ள வழி, வெளிச்சம் போன்ற உரிமைகளுக்கான சட்டம்) 15-ஆம் பிரிவுப்படி, 20 வருஷம் தடையில்லாமல் உரிமையோடு அனுபவித்த வெளிச்சத்தைத் தடுக்க முடியாது. இங்கிலாந்திலும் அதே 20 வருஷம்தான். அந்த ஜன்னல் எத்தனை வருஷமாக இருக்கிறது?

மற்றொன்று தொல்லை வழக்கு, அதாவது பக்கத்தில் இருப்பவர் நிம்மதியாக வாழ விடாமல் இடைஞ்சல் செய்கிறார் என்று போடும் வழக்கு. அங்கே எண்ணத்தையும் பார்ப்பார்கள். 1893-இல் ஒரு வீட்டில் இசைப் பாடம் நடக்க, பக்கத்து வீட்டுக்காரர் பழிக்குப் பழியாகச் சுவரைத் தட்டினார், தட்டுகளை அடித்தார், விசிலடித்தார். தடையுத்தரவு பாடம் நடத்தியவர்கள்மேல் வரவில்லை, தட்டடித்தவர்மேல்தான் வந்தது.

சுண்ணாம்புக் கரண்டி:
நான் கட்டுமான ஆள், சட்டம் தெரியாது. 5 அடிக்குப் போட்ட அஸ்திவாரத்தில் 12 அடி ஏற்றினால் காற்றுக்கே சாயும். விழுந்து யாருக்காவது அடிபட்டால் உரிமைப் பேச்சு எடுபடாது, கவனக்குறைவு என்றுதான் பிடிப்பார்கள். மதில் உயரத்துக்கு அனுமதி வாங்கினீர்களா? பல இடங்களில் உச்சவரம்பு இருக்கும். அதைத் தாண்டினால் வெளிச்சம் பற்றிய வாதமே தேவைப்படாது.

தூரத்து உறவு:
அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1887-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டது. வன்மத்தோடு, தேவையில்லாமல் 6 அடிக்கு மேல் எழுப்பிய வேலி தொல்லையாகக் கருதப்படும். 'வன்ம வேலி' என்று அதற்குப் பெயரே உண்டு. அண்ணா, நீங்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை :)

மதில்மேல்பூனை:
ஜன்னல் 23 வருஷம் ஆகிறது. வீடு கட்டிய நாளிலிருந்தே இருக்கிறது. அனுமதி வாங்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோட்டீஸ் வந்த அன்று கோபத்தில், "உன் வீட்டில் பகலிலும் விளக்குப் போட வைக்கிறேன்" என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். அழித்துவிடலாமா?

பழைய வக்கீல்:
அழிக்காதீர்கள். அவர் அதை ஏற்கெனவே படம் பிடித்து வைத்திருப்பார். வழக்கு வரும் என்று தெரிந்த பிறகு அழித்தால், செய்தியைவிட அழித்ததே உங்களுக்குப் பெரிய சிக்கலாகும். மறைவு, பாதுகாப்பு என்று இனி நீங்கள் எந்தக் காரணம் சொன்னாலும் அந்த ஒரு வரியை எடுத்து நீட்டுவார்கள். 23 வருஷ ஜன்னல் என்றால் என் கணக்கில் உங்கள் பக்கம்தான் பலவீனம்.

புகாருக்கு நஷ்டஈடு கேட்பது கடினம். நியாயமான காரணமே இல்லாமல், வன்மத்தோடு அவர் உங்கள்மேல் வழக்கு நடத்தினார் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். புகார் தள்ளுபடியானது மட்டும் போதாது, அதிகாரியிடம் மனுக் கொடுப்பதைப் பெரும்பாலும் வழக்கு என்றே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த இரண்டு மாத நஷ்டத்துக்குப் பில் எல்லாம் இருந்தால், உள்ளூர் வக்கீலிடம் ஒருமுறை காட்டுங்கள். காலக்கெடு இருக்கும், தள்ளிப்போடாதீர்கள். நோட்டீஸுக்குப் பதிலையும் அவரே எழுதட்டும், நீங்கள் எழுத வேண்டாம்.

மதில்மேல்பூனை:
கொத்தனாரிடம் நிறுத்தச் சொல்லிவிட்டேன் ஐயா. செங்கல் இறக்கியாகிவிட்டது, திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்க வேண்டும். நாளை வக்கீலைப் பார்க்கிறேன்.

சுண்ணாம்புக் கரண்டி:
உடையாத செங்கல் என்றால் எடுத்துக்கொள்வார்கள், ஏற்றுக்கூலி உங்களுடையது.