டிக்கிக்குள் ஈரம், சேலைகளில் பூசணம்: காரணம் அறிய உதவி வேண்டும்

கேள்வி (வில்லாபுரம், மதுரை)

அனைவருக்கும் வணக்கம். நான் முடிச்சிட்டுச் சாயமேற்றும் சுங்குடிச் சேலைகளை வாங்கி, மதுரையிலும் திண்டுக்கல், விருதுநகர் பக்கத்திலும் உள்ள கடைகளுக்குக் கொண்டுசென்று கொடுத்துவருகிறேன். ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள கட்டு எப்போதும் என் காரின் டிக்கியில் இருக்கும். தனி டிக்கி உள்ள செடான் வகைக் கார் அது; வாங்கி 9 ஆண்டுகள் ஆகின்றன. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து டிக்கியைத் திறந்தாலே ஈர வாடை அடிக்கிறது. சென்ற வாரம் கஞ்சி போட்ட 6 சேலைகளின் மடிப்புகளில் கரும்புள்ளிகளாகப் பூசணம் பூத்திருந்தது. ஒவ்வொரு முடிச்சும் பெண்கள் கையால் கட்டியது என்பதை நினைக்கும்போது மனம் பொறுக்கவில்லை.

மழை பெய்த மறுநாள் விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் ஸ்டெப்னி குழியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கலங்கல் நீர் நிற்கிறது. ஆனால் மழையே இல்லாத நாட்களிலும் விடியற்காலையில் டிக்கி மூடியின் உட்புறத் தகட்டில் முத்து முத்தாக நீர் கோத்திருக்கிறது. ரப்பர் பீடிங்கைப் புதிதாக மாற்றியும் பயனில்லை. கட்டின்மேல் பாலிதீன் தாள் போர்த்தியபின் வாடை கூடியதே தவிரக் குறையவில்லை. கார் வேப்பமரத்தின் ஓரமாக நிற்கிறது. கிளை முன்பாதியை மட்டும் மறைக்கும். கடந்த ஆண்டு ஒரு வாகனம் பின்னால் இடித்துவிட்டதால் டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி (திருமங்கலம்)

வணக்கம் அம்மா. ஒரு கிலோ கல் உப்பைத் துணிப்பையில் கட்டி டிக்கியின் மூலையில் வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் துணி அலமாரிக்குள் அப்படித்தான் வைப்போம்.

மறுமொழி (டிங்கரிங் பட்டறை, மேலூர் சாலை)

திருமங்கலத்து ஐயா அக்கறையோடு சொல்லியிருக்கிறார். ஆனால் காருக்குள் உப்பு வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே கசிந்து நீராகும். அந்த உப்புநீர் துணிப்பையிலிருந்து சொட்டி ஸ்டெப்னி குழியில் இறங்கினால், தகடு துருப்பிடிப்பதை யாரும் தடுக்க முடியாது.

சகோதரி, நீங்கள் சொன்னவற்றில் இரண்டு தனித்தனி நோய்கள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கலங்கிய நீர் வெளியிலிருந்து வருவது. மூடியில் கோக்கும் தெளிந்த நீர் உள்ளிருக்கும் ஈரம் குளிர்ந்து படிவது. இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் பீடிங்கை எத்தனை முறை மாற்றினாலும் பணம்தான் செலவாகும்.

முதலில் ஒழுக்கைப் பிடியுங்கள். பின்புறம் இடிபட்டு வேலை செய்த வண்டிகளில் நான் பார்க்கும் முதல் இடம் டெயில் லைட். அதைக் கழற்றி மாட்டும்போது, விளக்குக்கும் தகட்டுக்கும் இடையில் நீரைத் தடுக்கும் ஸ்பாஞ்சு வளையமான கேஸ்கெட்டில் பழையதையே திரும்ப வைத்துவிடுவார்கள். நசுங்கிய ஸ்பாஞ்சு மீண்டும் எழும்பாது. அடுத்து, இரு தகடுகள் சேரும் இணைப்பில் கம்பெனியிலேயே பூசியிருக்கும் சீலன்ட், தட்டி நிமிர்த்தும்போது வெடித்துவிடும்; அதன்மேல் புட்டியும் பெயின்ட்டும் வைத்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நீருக்கு வழி தெரியும். மூன்றாவதாக, பின் பம்பருக்கு உள்ளே, டிக்கியின் பக்கச் சுவரில், கேபின் காற்று வெளியேறுவதற்கான ரப்பர் மடல்கள் பல கார்களில் உண்டு. அவை கோணலாக மாட்டப்பட்டிருந்தால் சக்கரம் தெறிக்கும் நீர் அவ்வழியே ஏறும். வேப்பமரம் என்றதால் இன்னொன்றையும் சொல்கிறேன்: டிக்கி மூடியைச் சுற்றியுள்ள வாய்க்காலில் சருகு அடைத்திருந்தால் நீர் வழிந்தோடாமல் தேங்கிப் பீடிங்கின் மேலேறும்.

சோதிக்கும் முறை இது. விரிப்பையும் ஸ்டெப்னியையும் வெளியே எடுத்து, எல்லாவற்றையும் துடைத்து, இணைப்புகளின் கீழே சுண்ணக்கட்டித் தூளைத் தூவுங்கள். பிறகு ஹோஸ் குழாயில் நீரை மெதுவாக விட்டு, பம்பரிலிருந்து தொடங்கி டெயில் லைட், மூடியின் ஓரம், பின் கண்ணாடி எனக் கீழிருந்து மேலாக ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று நிமிடம் காட்டுங்கள். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லா இடத்தையும் நனைத்து, எங்கே புகுந்தது என்று தெரியாமல் போகும். வாட்டர் சர்வீஸில் பீய்ச்சும் வேகத்தில் அடித்தால் ஒழுகாத இடமும் ஒழுகும். பின்சீட்டைச் சாய்த்து, ஒருவர் கேபினுக்குள் இருந்தபடி டார்ச் அடித்துப் பார்க்கட்டும். சிறுபிள்ளைகளை டிக்கிக்குள் இறக்கி மூடிவிடாதீர்கள். அதை மிகுந்த கவலையோடு சொல்கிறேன். குழியின் அடியிலுள்ள ரப்பர் அடைப்பானைத் தேங்கிய நீரை வடிப்பதற்காகக் கழற்றலாம், ஆனால் திரும்பப் பொருத்திவிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

நேற்று என் தம்பியோடு சேர்ந்து அப்படியே செய்து பார்த்தேன். இடப்பக்க டெயில் லைட்டுக்கு நீரைக் காட்டிய இரண்டாவது நிமிடத்தில் சுண்ணத்தூளில் ஒரு கோடு விழுந்தது! கழற்றியபோது கேஸ்கெட் ஓரிடத்தில் மடிந்து தகடுபோல் தட்டையாகிக் கிடந்தது. வாய்க்காலிலிருந்து இரண்டு கைப்பிடி வேப்பஞ்சருகும் வந்தது. புதிய கேஸ்கெட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் மூடியில் கோக்கும் நீருக்கு இன்னும் வழி தெரியவில்லை. சிலிக்கா ஜெல் பைகள் வாங்கிப் போட்டால் போதுமா?

மறுமொழி (ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், சோழவந்தான்)

அம்மா, சிலிக்கா ஜெல் வாங்குமுன் அந்த நீர் எவ்வளவு, எங்கிருந்து வருகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மழைக்காலத்தில் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று ஏறத்தாழ 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் படியத் தொடங்கும். இரவில் வானத்தைப் பார்த்தபடி நிற்கும் தகடு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். கிளையின் மறைவில் உள்ள முன்பாதியைவிட உங்கள் டிக்கிப் பக்கத்தில் வெளியேயும் பனி கூடுதலாக இருப்பதைக் காண்பீர்கள். ஆனால் டிக்கியின் கொள்ளளவு அரை கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 22 டிகிரிக்குக் குளிர்ந்தபோதும் அதிலுள்ள காற்று மட்டும் இரண்டு மூன்று கிராம் நீரைத்தான் தரும். அது ஒரு தேக்கரண்டியைக்கூட நிறைக்காது. முத்து முத்தாகக் கோப்பதற்கு வேறொரு ஊற்று இருக்க வேண்டும்.

அந்த ஊற்று, வருத்தத்தோடு சொல்கிறேன், உங்கள் சேலைக் கட்டுதான். நன்கு உலர்ந்ததாக நமக்குத் தோன்றும் பருத்தியிலும், அதன் உலர் எடையில் சுமார் 8.5 சதவீதம் நீர் இருப்பது இயல்பு. உங்கள் 20 கிலோவில் ஒன்றரை லிட்டருக்கு மேல் நீர் இருக்கிறது. அடைமழைக் காலத்தில் இன்னும் கூடும். பகல் வெயிலில் டிக்கி சூடாகும்போது துணி அதை ஆவியாக விடுகிறது, இரவில் தகடு அதைப் பிடித்துக்கொள்கிறது. பாலிதீன் போர்த்தியதால் அந்த ஆவி துணிக்கு அருகிலேயே அடைபட்டது. கஞ்சியோ பூசணத்துக்கு உணவு. நனைந்த விரிப்பின் அடியிலுள்ள பஞ்சும் இன்னோர் ஊற்று. சிலிக்கா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே நீரை ஏற்கும் என்பதால், கால் கிலோ வாங்கிப் போட்டாலும் 80 கிராமோடு அதன் வேலை முடிந்துவிடும். மீண்டும் 120 டிகிரி அளவில் சூடாக்கி உலர்த்தினால்தான் அது பயன்படும்.

ஆகவே கட்டை இரவில் வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள். பயணத்தின்போது பாலிதீனுக்குப் பதிலாகப் பருத்தித் துணியில் சுற்றி, அடியில் மரச்சட்டம் ஒன்றைப் போட்டுத் தகட்டில் படாமல் வையுங்கள். ஏசியை எப்போதும் உட்சுழற்சியிலேயே வைக்காமல், மழை இல்லாத நேரத்தில் வெளிக்காற்றை உள்ளே விடுங்கள்; அது பம்பருக்குள் இருக்கும் மடல்கள் வழியே ஈரத்தை இழுத்துக்கொண்டு வெளியேறும். விரிப்பின் பஞ்சை இரண்டு நாள் வெயிலில் காயவைக்காமல் திரும்பப் போடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இரண்டு வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். புதிய கேஸ்கெட் பொருத்தியபின் மூன்று நாள் விடாமல் பெய்த மழையிலும் ஸ்டெப்னி குழி காய்ந்தே இருந்தது. ஆசிரியர் ஐயா சொன்னதைச் சோதிக்க, விரிப்பைக் காயவைத்து, நான்கு இரவுகள் டிக்கியை வெறுமையாக விட்டேன். மூடியின் உட்புறத்தில் மெல்லிய பனிப்படலம் ஒரு விடியலில் மட்டும் தெரிந்தது. ஐந்தாம் நாள் வேண்டுமென்றே கட்டை உள்ளேயே விட்டேன், காலையில் அதே முத்துகள் கோத்திருந்தன. இப்போது மாலையானதும் தம்பி கட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறான்.