ஜே-1 விசாவில் ரெசிடென்சி முடிக்கும் மகள்: டெல்லிக் கடிதம் போதுமா?

கேள்வி (கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு தந்தை):
எங்கள் மகள் கோவையில் எம்.பி.பி.எஸ். முடித்து, அமெரிக்காவில் ஜே-1 என்ற பரிமாற்றப் பயிற்சி விசாவில் பொது மருத்துவ ரெசிடென்சி (மருத்துவமனையில் பெறும் மேற்பயிற்சி) செய்கிறாள். அடுத்த ஆண்டு ஜூனில் பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் இந்தியாவில் இருந்தாக வேண்டும் என்பது விதி. கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் திருப்பூர்ப் பையனுக்குப் பேசி வைத்திருக்கிறோம். டெல்லியில் ‘ஆட்சேபணை இல்லை’ என்று கடிதம் வாங்கினால் போதும் என்று ஏஜென்ட் ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில் 1 (ஈரோடு, மருத்துவர்):
கொடுத்துவிடாதீர்கள், ஐயா. பிற துறையினருக்கு அந்தக் கடிதம் உதவும். மருத்துவப் பயிற்சிக்குச் சென்றவர்களிடம் அமெரிக்கச் சட்டம் அதை ஏற்பதில்லை. உங்கள் மகள் ஜே-1 பெற்றதே, இத்துறை மருத்துவர்கள் இந்தியாவுக்குத் தேவை என்று நம் சுகாதார அமைச்சகம் அளித்த கடிதத்தைக் காட்டித்தான்.

அவருக்குப் பொருந்துவது, அந்த இரண்டு ஆண்டு விதியிலிருந்து விடுவிக்கும் ‘கான்ராட் 30’ விலக்கு. வடக்கு டகோட்டா செனட்டர் கென்ட் கான்ராட்டின் பெயரால் 1994-இல் மாநிலத்துக்கு ஆண்டுக்கு 20 இடங்களுடன் தொடங்கிய இத்திட்டம், 2002-இல் 30 இடங்களாக உயர்ந்தது. மருத்துவர் பற்றாக்குறை என்று அந்நாட்டு அரசு வகைப்படுத்திய பகுதியில், எச்-1பி என்ற வேலை விசாவில், வாரம் 40 மணி நேரம் வீதம் மூன்று ஆண்டுகள் பணியாற்ற ஒப்புக்கொள்பவருக்கு மாநிலச் சுகாதாரத் துறை பரிந்துரை வழங்கும். மற்றவர்கள் எச்-1பி பெறக் காத்திருக்கும் குலுக்கலும் இவர்களுக்குக் கிடையாது. அந்தியூரிலிருந்து பர்கூர் மலையேறத் தயங்கும் மருத்துவர்களை அறிந்த நமக்கு இந்த ஏற்பாட்டின் காரணம் எளிதில் விளங்கும்.

முதலில் வேலை ஒப்பந்தம், பிறகுதான் மாநில விண்ணப்பம். இந்த இடங்களுக்குக் கணக்கான அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது; சில மாநிலங்களில் இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே இந்த அக்டோபருக்குள் ஒப்பந்தம் கையில் இருப்பது நல்லது.

பதில் 2 (பெருந்துறை, ஒரு மருத்துவரின் அக்கா):
ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். என் தம்பியின் ஒப்பந்தத்தில் “நிர்வாகம் குறிப்பிடும் எந்தக் கிளையிலும்” என்று ஒரு வரி இருந்தது. எட்டாம் மாதம், விண்ணப்பத்தில் இல்லாத கிளைக்கு அவனை அனுப்பப் பார்த்தார்கள்; விலக்கு அந்த முகவரிக்கு உரியது என்று வக்கீல் எழுதிய பிறகே விட்டார்கள். (அரிசிம்பருப்புக்குத் துவரம்பருப்பு வாங்க இரண்டு மணி நேரம் கார் ஓட்டியது தனிக்கதை.)

கேட்டவர்:
நன்றி. திருமணமானால் மாப்பிள்ளை ஊருக்கே மாற முடியுமா?

பதில் 1:
மருத்துவமனையே மூடப்படுவது போன்ற கட்டாயக் காரணம் இல்லாமல் நடுவில் மாறினால், இரண்டு ஆண்டு விதி மீண்டும் வந்து நிற்கும். மூன்று ஆண்டு முடியாமல் கிரீன் கார்டும் கிடைக்காது. ஆனால் கலிஃபோர்னியாவிலேயே பற்றாக்குறைப் பகுதிகள் உண்டு. ஃபிரெஸ்னோ இருக்கும் மத்தியப் பள்ளத்தாக்கு நம் பக்கத்தைப் போலவே தோட்டம் துரவு நிறைந்த வெள்ளாமைப் பூமி. ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த சான் ஓசேயிலிருந்து காரில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். மாப்பிள்ளை எந்த ஊரில் இருக்கிறார்?