மர்ம நாவலில் துப்பு கண்ணில் பட்டும் கோட்டை விடுகிறேன்: எப்படிப் படிப்பது?

வரிமேல்விழி

துப்பறியும் நாவல், க்ரைம் த்ரில்லர் எது கிடைத்தாலும் விடாமல் படிப்பவன். கேட்க நினைப்பது மூன்று விஷயம்.

கடைசி அத்தியாயத்தில் துப்பறிவாளர் அடுக்கும் தடயங்கள் எல்லாமே ஏற்கெனவே படித்தவைதான். ஆனால் படிக்கும்போது ஒன்றுகூட உறைப்பதில்லை. உறைக்க வைக்க வழி உண்டா? குறிப்பு எடுப்பதென்றால் எதை எடுப்பது, எதை விடுவது?

சில முடிவுகளில் "அடடா, கண் முன்னாலேயே கிடந்ததே" என்று சந்தோஷமாக இருக்கிறது. சிலவற்றில் ஆசிரியர் ஏமாற்றிவிட்ட எரிச்சல்தான் மிஞ்சுகிறது. நியாயமாக ஆடினாரா இல்லையா என்பதை எதை வைத்துச் சொல்வது?

கதையில் வரும் டாக்டர் சடலத்தைப் பார்த்துச் சொல்லும் மரண நேரத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

எந்தப் புத்தகத்தின் கொலையாளியையும் இங்கே போட்டு உடைத்துவிடாதீர்கள், ப்ளீஸ்.

---

தாழ்ப்பாள்

உறைப்பதில்லை என்று சொன்னீர்களே, அதுதான் விஷயம். நல்ல ஆசிரியர் துப்பை ஒளிப்பதில்லை. காட்டிவிட்டு, அடுத்த வரியிலேயே உங்கள் கண்ணை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார். ஒரு பத்தி எழுதிக் காட்டுகிறேன்:

"மேசைமேல் பாதி எரிந்த மெழுகுவத்தி, மூடி திறந்த பேனா, பிரிக்காத இரண்டு கடிதங்கள். நாற்காலி முதுகில் ஈரச் சால்வை, அதன்மேல் ஒரு மூக்குக் கண்ணாடி. குனிந்த இன்ஸ்பெக்டரின் கை அப்படியே நின்றது. கம்பளத்தின் ஓரத்தில் ரத்தம்."

படித்து முடித்ததும் மனதில் நிற்பது ரத்தம். சால்வை ஈரமாக இருந்தது நிற்காது, ஏனென்றால் ஐந்து பொருளில் அது நான்காவது. பட்டியலின் தலையும் வாலும்தான் ஞாபகத்தில் தங்கும். போதாததற்கு அடுத்த மூச்சில் ரத்தம் வந்துவிட்டது. முப்பது பக்கம் தள்ளி அந்த அறைக்காரர் "ராத்திரி வெளியே கால் வைக்கவே இல்லை" என்பார். இதற்கெல்லாம் முன்னால், சம்பந்தமே இல்லாத ஓர் உரையாடலில், எட்டு மணிக்குப் பிடித்த மழையைப் பற்றி யாரோ சலித்துக்கொண்டிருப்பார். மூன்றையும் பக்கத்தில் வைத்தால் பொய் பல்லிளிக்கும். மூன்று இடத்தில் கிடப்பதால்தான் தப்பித்துவிடுகிறது.

துப்பு பதுங்கும் மற்ற இடங்கள்: அலறலுக்கோ துப்பாக்கிச் சத்தத்துக்கோ சரியாக முந்திய வரி. யாரும் மதிக்காத ஆளின் பேச்சு, அதாவது குழந்தை, வாயாடிப் பக்கத்து வீட்டுக்காரர், ஞாபக மறதிப் பாட்டி. எல்லாவற்றிலும் வலுவானது, ஒரு முரண்பாடு தெரிந்ததுமே அதற்கு அவசரமாகக் கொடுக்கப்படும் விளக்கம். சாட்சி "அவர் இடது கையால் கதவைத் திறந்தார்" என்கிறார். உடனே இன்னொருவர் "அந்தம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது" என்று முடித்துவைக்கிறார். அப்படி முடித்துவைத்த இடத்தில் ஒரு மடிப்பு மடியுங்கள். சாட்சி சரியாகத்தான் பார்த்திருப்பார்.

நடக்க வேண்டியது நடக்காமல் போவதும் துப்புதான். 1892-இல் வெளியான ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதையில் நாய் குரைக்காததுதான் முக்கியத் தடயம். வழக்கமாகப் பூட்டும் கதவு பூட்டாமல் கிடந்தது, எப்போதும் கேள்வி கேட்பவர் அன்று கேட்கவில்லை போன்றவற்றை நம் மூளை தானாகக் குறித்துக்கொள்ளாது. நாமேதான் தேட வேண்டும்.

குறிப்புக்கு ஒரே ஒரு தாள், நான்கு பத்தி: பெயரும் யாருக்கு என்ன உறவு என்பதும், அந்த நேரத்தில் எங்கே இருந்ததாகச் சொல்கிறார், அதற்கு யார் சாட்சி, உறுத்திய விஷயம் ஒன்று, பக்க எண்ணோடு. காரணம், அதாவது மோட்டிவ், எழுதவே வேண்டாம். சொத்து, பழி, பொறாமை என்று எல்லோருக்கும் ஒன்றை ஆசிரியர் பங்கு வைத்துவிடுவார், அதை வைத்து யாரையும் கழிக்க முடியாது. மூன்றாவது பத்தியில்தான் கவனம் வேண்டும். "நாங்கள் இருவரும் ஹாலில் இருந்தோம்" என்று ஒருவர் சொன்னால் அது இரண்டு பேருடைய அலிபி, அதாவது குற்றம் நடந்தபோது வேறு இடத்தில் இருந்ததற்கான ஆதாரம். நாம் பெரும்பாலும் சொன்னவரை மட்டும் சந்தேகப்பட்டுவிட்டு மற்றவரை மறந்துவிடுகிறோம்.

அடுத்தது நிறுத்துமிடம். துப்பறிவாளர் "எனக்குப் புரிந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு, எல்லோரையும் ஓர் அறையில் கூடச் சொல்வார் பாருங்கள், அங்கே மூடுங்கள். 300 பக்க நாவலில் இது பெரும்பாலும் 240-ஐ ஒட்டி வரும். மூன்று வரி எழுதுங்கள்: யார், எப்படி, எந்தத் துப்பு மற்றவர்களைக் கழிக்கிறது. மூன்றாவது வரி எழுத வரவில்லை என்றால் நீங்கள் கண்டுபிடிக்கவில்லை, ஊகித்திருக்கிறீர்கள். எட்டுப் பேரில் ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டே.

"இவர்மேல் சந்தேகமே வராது, அதனால் இவர்தான்" என்று கணக்குப் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பலிக்கும்போதுகூட அதில் ருசி இல்லை.

---

நாடித்துடிப்பு

மரண நேரம் பற்றி. சடலத்தை மட்டும் பார்த்து "9.10-லிருந்து 9.20-க்குள்" என்று ஒரு டாக்டர் சொன்னால் அந்த இடத்திலேயே பென்சிலால் கோடு போடுங்கள். நிஜத்தில் அவ்வளவு துல்லியம் கிடையாது.

மூன்று அடையாளங்கள். உடல் குளிர்வது: தோராயக் கணக்காக மணிக்கு 1 டிகிரி செல்சியஸ். மெலிந்த உடல், ஈரத் துணி, காற்று வீசும் இடம் என்றால் வேகமாகக் குளிரும். கனத்த உடல், போர்வை, சூடான அறை என்றால் தாமதமாகும். விறைப்பு: 2 முதல் 4 மணி நேரத்தில் தாடை, முகம் பக்கம் தெரிய ஆரம்பித்து, ஏறக்குறைய 12 மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவி, பிறகு ஒன்றரை நாள் வாக்கில் தளர்ந்துவிடும். வெப்பம் இதையும் விரைவுபடுத்தும். மூன்றாவது, ரத்தம் தாழ்ந்த பக்கம் இறங்கித் தோலில் கருஞ்சிவப்பாகத் தேங்குவது. அரை மணியிலிருந்து 2 மணி நேரத்துக்குள் தெரியும், 8 முதல் 12 மணி நேரத்தில் நிலைத்துவிடும்.

வாசகருக்கு அதிகம் உதவுவது இந்த மூன்றாவதுதான். சடலம் மல்லாந்து கிடக்கிறது, அந்தக் கருஞ்சிவப்புத் திட்டோ மார்புப் பக்கம் என்று ஒரு வரி வந்தால், கவிழ்ந்து கிடந்த உடலைப் பல மணி நேரம் கழித்து யாரோ புரட்டியிருக்கிறார்கள்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: கதையில் மரண நேரம் எதன் பேரில் முடிவாகிறது? உடைந்து நின்ற கைக்கடிகாரம், துப்பாக்கிச் சத்தம், அறைக்குள்ளிருந்து கேட்ட குரல் ஆகிய மூன்றையும் கொலையாளி தயார் செய்ய முடியும். "கடைசியாக உயிரோடு பார்த்தேன்" என்பவர் பார்த்தது முகத்தையா, முதுகையா, போட்டிருந்த மேல்கோட்டை மட்டுமா? முகம் சிதைந்த சடலத்தை அடையாளம் காட்டியவர் யார்? மரண நேரத்தை ஒரு மணி நேரம் முன்பின்னாகத் தள்ளிப் பாருங்கள். யாருடைய அலிபி உடைகிறதோ அவரை உற்றுக் கவனியுங்கள். மிகக் கச்சிதமான அலிபி வைத்திருப்பவர்தான் பெரும்பாலும் அவர்.

க்ளோரோஃபார்ம் துணியை மூக்கில் அழுத்தியதும் இரண்டே நொடியில் ஆள் சாய்வதும் கதைக்கான வசதி. நிஜத்தில் விடாமல் பல நிமிடம் சுவாசிக்க வைக்க வேண்டும். இதற்காக ஆசிரியரைக் கோபிக்க வேண்டாம், ஆனால் நேரக் கணக்கே அதன் மேல் நிற்கும் கதை என்றால் முடிவு ஆட்டம் காணும். மாறாக, விஷத்தில் அகதா கிறிஸ்டியை நம்பிப் படிக்கலாம். முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவர், அளவும் அறிகுறியும் தெரிந்து எழுதினார்.

வரலாற்றுப் பின்னணி என்றால் கதை நடக்கும் ஆண்டைத் தாளின் மேலே எழுதுங்கள். ஆர்சனிக்கை உடலில் நம்பகமாகக் கண்டுபிடிக்கும் மார்ஷ் சோதனை 1836-இல் வந்தது. கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது 1897, ஸ்காட்லாந்து யார்டில் 1901. குற்ற விசாரணையில் டிஎன்ஏ முதன்முதலாகப் பயன்பட்டது 1986. 1880-இல் நடக்கும் கதையில் கொலையாளி கையுறை போட்டிருந்தால், அது ரேகைக்குப் பயந்து இருக்க முடியாது. வேறு காரணம் இருக்கிறது, அதைத் தேட வேண்டும்.

---

பழையபதிப்பு

தாழ்ப்பாள் சொன்ன தாள் எல்லா நாவலுக்கும் செல்லாது. முதலில் கையில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். "கொலையாளி யார்" என்பது ஒரு ரகம். "எப்படிச் செய்தான்" என்பது இன்னொரு ரகம், உள்பக்கம் பூட்டிய அறைக்குள் சடலம் கிடக்கும் பூட்டிய அறைக் கதைகள் இதில் வரும். கொலையாளியை முதலிலேயே காட்டிவிட்டு எப்படி மாட்டுகிறான் என்று நகர்த்துவது மூன்றாவது. ஆஸ்டின் ஃப்ரீமன் 1912-இலேயே ஒரு தொகுப்பில் இதைச் செய்துவிட்டார். த்ரில்லர் நான்காவது. அங்கே கேள்வி "அடுத்து என்ன ஆகும்" என்பதுதான். த்ரில்லரைத் தாளும் பென்சிலுமாகப் படித்தால் அதன் வேகமே செத்துவிடும். ஒரே மூச்சில் படிக்க வேண்டியது அது.

நியாயமான ஆட்டம் பற்றி. 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் பத்து விதிகள் எழுதினார். குற்றவாளி கதையின் ஆரம்பப் பகுதியிலேயே அறிமுகமாக வேண்டும். ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது. யாரும் அறியாத விஷம் கூடாது. துப்பறிவாளருக்குத் தற்செயல் கைகொடுக்கக் கூடாது. இரட்டையர் வருவதென்றால் வாசகரை முன்கூட்டியே தயார்படுத்தியிருக்க வேண்டும் என்றெல்லாம் போகும். அடுத்த ஆண்டு லண்டனில் மர்மக் கதை எழுத்தாளர்களின் சங்கமான டிடெக்‌ஷன் கிளப் தொடங்கியபோது, நியாயமாக எழுதுவோம் என்று உறுப்பினர்கள் உறுதிமொழியே எடுத்தார்கள். விதிகளை மீறியும் அருமையான நாவல்கள் வந்திருக்கின்றன. பத்தையும் வேதமாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

என்னுடைய உரைகல் இரண்டே கேள்வி. துப்பறிவாளர் கடைசியில் சொல்லும் தடயங்களில், அதற்கு முன் பக்கத்தில் இல்லாதது ஏதாவது உண்டா? "அவர் அந்தக் கடிதத்தைப் படித்தார், முகம் மாறியது" என்று எழுதிவிட்டுக் கடிதத்தில் இருந்ததை நமக்குச் சொல்லாமல் விடுவது ஏமாற்று. இரண்டாவது, கதை சொல்லும் குரல் பொய் சொன்னதா? பாத்திரங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் பொய் சொல்லலாம். "அறையில் யாரும் இல்லை" என்று ஆசிரியரின் குரலே சொல்லி, பிறகு அங்கே ஆள் இருந்தால் அது துரோகம். "அறையில் யாரையும் காணவில்லை" என்று எழுதியிருந்தால் மாட்ட முடியாது. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பாதி நாவல்கள் நிற்கின்றன.

பயிற்சிக்கு எல்லரி குயீன் பெயரில் 1929-இலிருந்து வந்த ஆரம்ப நாவல்களை எடுங்கள். தீர்வுக்கு முன்பு கதையை நிறுத்தி, தேவையான தடயம் எல்லாம் வந்துவிட்டது, இனி உங்கள் பாடு என்று வாசகருக்குச் சவால் விடுவார்கள். எங்கே மூடுவது என்று தேடவே வேண்டாம். பூட்டிய அறைக்கு ஜான் டிக்சன் காரின் 1935 நாவலான 'தி ஹாலோ மேன்'. அதன் 17-ஆம் அத்தியாயத்தில் துப்பறிவாளரே உட்கார்ந்து, பூட்டிய அறைக் கொலைகள் எத்தனை வகை என்று பாடம் நடத்துகிறார். பழைய கதைகளின் தந்திரங்கள் சில அதில் வெளிப்படும், அதனால் அந்த ரகத்தில் கொஞ்சம் படித்த பிறகு அதற்குப் போங்கள்.

---

வரிமேல்விழி

ஈரச் சால்வையை நான் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருந்தேன். நன்றி. இன்னொரு கேள்வி: மொழிபெயர்ப்பிலும் ஆடியோவிலும் படித்தால் துப்பு நழுவுமா?

---

வேர்ச்சொல்

நழுவும். முதலில் சுருக்கப் பதிப்பைத் தவிருங்கள். சுருக்குபவர் முதலில் வெட்டுவது வர்ணனையையும் வெட்டிப் பேச்சையும்தான். துப்பு பதுங்கியிருப்பதும் அங்கேதான்.

தமிழில் பெரிய சிக்கல் பால் விகுதி. ஆங்கிலத்தில் ஆணா பெண்ணா என்று காட்டாமல் "டாக்டர் உள்ளே வந்தார்" என்ற பொருளில் பக்கம் பக்கமாக ஓட்டலாம். தமிழில் வினைமுற்றே "வந்தான்", "வந்தாள்" என்று காட்டிக்கொடுத்துவிடும். மொழிபெயர்ப்பாளர் விழிப்பாக இருந்தால் "அவர்" போட்டுக் காப்பாற்றுவார், இல்லையென்றால் முதல் அத்தியாயத்திலேயே ரகசியம் போயிற்று. தமிழிலேயே எழுதுபவர்கள் "அந்த உருவம் சுவரோரமாக நகர்ந்தது" என்று அஃறிணையில் எழுதுவது இதற்காகத்தான். அப்படி ஒரு வரி வந்தால் ஆண் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

"யாரோ வந்துவிட்டுப் போனார்கள்" என்பதில் வந்தது ஒருவரா இருவரா என்றே தெரியாது. "சித்தி" என்றால் அம்மாவின் தங்கையாகவும் இருக்கலாம், சித்தப்பாவின் மனைவியாகவும் இருக்கலாம், அப்பாவின் இரண்டாம் மனைவியாகவும் இருக்கலாம். உறவு சொல்லி அழைக்கும் இடங்களில், அது எந்த வழி உறவு என்று கதை உறுதி செய்திருக்கிறதா என்று பாருங்கள். உயில் சம்பந்தப்பட்ட கதையில் எல்லாமே மாறிவிடும்.

ஆடியோவில் புரட்டிப் பார்க்க முடியாது என்பதோடு, வாசிப்பவர் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் கொடுப்பார். கதவுக்குப் பின்னால் பேசியது யார் என்பதே புதிராக இருக்கும் கதையில் இது பெரிய தொல்லை. யார், எப்படி என்ற ரகங்களை அச்சில் படியுங்கள், த்ரில்லரைக் காதில் கேளுங்கள். மின்நூலில் ஒருவரின் பெயரைத் தேடப் போகாதீர்கள். கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெயர் எத்தனை முறை வருகிறது என்பதும் சேர்ந்து தெரிந்துவிடும்.

---

தாழ்ப்பாள்

பழையபதிப்பு சொன்னது சரி, த்ரில்லருக்குத் தாள் வேண்டாம்.

முடித்ததும் புத்தகத்தை அடுக்கில் வைத்துவிடாதீர்கள். முதல் 50 பக்கத்தை உடனே திரும்பப் படியுங்கள், கொலையாளி வரும் இடங்களை மட்டும். அவர் பேசும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு அர்த்தம் இருக்கிறதா என்று பாருங்கள். "அவரை இனி என்னால் பார்க்கவே முடியாது" என்று அழுதவர் அப்போது உண்மையைத்தான் சொல்லியிருப்பார். சடலத்தை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் நீங்கள் கவனிக்காமல் விட்டது.