ஆடும் ஏர்ஃபாயில்: லிஃப்ட் வளையம் ஒல்லியாக வருவது ஏன்?

காட்பாடி_ஏரோ:
வணக்கம். ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு நாக்கா 0012 ஏர்ஃபாயிலை (இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம்) கம்ப்யூட்டர் கணக்கில் ஆட்டிப் பார்க்கிறேன். 1982 அகார்டு (நேட்டோவின் விமான ஆய்வு அமைப்பு) அறிக்கையில் வரும் சிடி5 என்ற சோதனைக் கேஸ்தான்: மாக் 0.755 (ஒலி வேகத்தில் அத்தனை பங்கு), ஆட்டம் 2.51 டிகிரி, ரெடியூஸ்டு ஃப்ரீக்வென்சி (காற்றின் வேகத்தோடு ஒப்பிட்டால் ஆட்டம் எவ்வளவு வேகம் என்ற எண்) 0.0814. கார்டு (முன்னோரம் முதல் பின்னோரம் வரை நீளம்) 1 மீட்டர், ஒரு சுற்றுக்கு 0.30 விநாடி. எஸ்யு2 என்ற காற்றோட்ட மென்பொருளில், பிசுக்குமையைக் கணக்கில் எடுக்காத ஆய்லர் சமன்பாடுதான் ஓட்டுகிறேன். லிஃப்டை (தூக்கு விசை) கோணத்தோடு வரைந்தால் வளையம் சோதனை முடிவை விட ரொம்ப ஒல்லி. மெஷ்ஷை (கணக்குக்கான வலைக் கட்டங்கள்) நெருக்கியும் மாறவில்லை. பிசுக்குமையும் சேர்ந்த நேவியர்-ஸ்டோக்ஸுக்குப் போகணுமா? இந்தக் கத்திரி வெயிலில் கரண்ட் வேற அடிக்கடி போகுது, பெரிய ரன் என்றால் கஷ்டம்.

ராணிப்பேட்டை_சிஎஃப்டி:
மெஷ்ஷை விடுங்க தம்பி, அந்த 0.30-ஐப் பாருங்க. இந்த அறிக்கையில் ரெடியூஸ்டு ஃப்ரீக்வென்சி அரைக் கார்டை வைத்துச் சொன்னது, அதாவது ஒமேகாவை (ஆட்டத்தின் கோண அதிர்வெண்) கார்டால் பெருக்கி, வேகத்தின் இரு மடங்கால் வகுக்கணும். ஒலி வேகம் 340 என்று எடுத்தால் காற்று சுமார் 257 மீ/வி, ஒமேகா சுமார் 42, ஒரு சுற்று 0.15 விநாடி. நீங்க முழுக் கார்டை வைத்ததால் இறக்கை பாதி வேகத்தில்தான் ஆடுது. இறக்கைக்குப் பின்னால் உதிரும் சுழல்கள்தான் லிஃப்டைப் பின்தங்க வைக்கின்றன, ஆட்டம் மெதுவானால் அந்தத் தாமதமும் குறையும். தியோடர்சன் 1935-இல் தந்த கணக்குப்படி (தட்டைத் தகடு, அழுந்தாத காற்று) ரெடியூஸ்டு ஃப்ரீக்வென்சி 0.1-இல் சுமார் 12 டிகிரி தாமதம், 0.05-இல் 8 தான். வளையம் ஒல்லியாகாமல் என்ன செய்யும்?

அரக்கோணம்_விங்:
அண்ணன் சொன்னதுதான் முதல் காரணம். அதைத் திருத்தும்போது டைம் ஸ்டெப்பையும் பாதியாக்குங்க, இல்லாவிட்டால் ஒரு சுற்றுக்கான ஸ்டெப் எண்ணிக்கை பாதியாகிவிடும். இந்தக் கேஸில் ஷாக் (அதிர்ச்சி அலை) மேல்பக்கம் தோன்றி மறைந்து அப்புறம் கீழ்ப்பக்கம் வரும், ஃபர்ஸ்ட் ஆர்டர் டைம் ஸ்கீம் (நேரத்தில் துல்லியம் குறைந்த கணக்கு முறை) அதை மழுக்கிவிடும். செகண்ட் ஆர்டர் வைத்து, ஒவ்வொரு ஸ்டெப்பிலும் உள் இட்டரேஷனில் ரெசிடுவல் (தீராத மிச்சப் பிழை) ரெண்டு மூணு ஆர்டராவது, அதாவது நூறு, ஆயிரம் மடங்கு, இறங்குதா என்று பாருங்க. முதல் சுற்றை நம்ப வேண்டாம், அடுத்தடுத்த ரெண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை ஓட்டணும்.

கரண்ட் பிரச்சனைக்கு ஒன்று: செகண்ட் ஆர்டரில் மறுபடி தொடங்க முந்தைய ரெண்டு டைம் ஸ்டெப்பின் ஃபைலும் வேணும். கடைசி ஒன்றை மட்டும் வைத்திருந்தால் தொடர முடியாது.

ராணிப்பேட்டை_சிஎஃப்டி:
ரொம்பச் சரி. நேவியர்-ஸ்டோக்ஸ் இப்போதைக்கு வேண்டாம், கோணம் சின்னது, லிஃப்டுக்கு ஆய்லரே நன்றாக வரும். மொமென்ட் (இறக்கையைத் திருப்பும் விசை) வளையம்தான் கறாரான பரீட்சை, அதைக் கட்டாயம் வரையுங்க. ஃப்ளட்டருக்குப் (காற்றால் இறக்கையின் ஆட்டம் தானே பெருகுவது) போனால் அதுதான் உயிர்நாடி: மூக்கு தூக்கும் மொமென்ட்டை பாசிட்டிவாக வைத்து கோணத்தோடு வரைந்தால், வளையம் கடிகாரத் திசையில் சுற்றினால் காற்று இறக்கைக்கு ஆற்றல் தருது, எதிர்த்திசை என்றால் ஆட்டத்தை அடக்குது. எந்தப் புள்ளியைச் சுற்றி மொமென்ட் எடுக்கிறீங்க, கால் கார்டா? அதையும் சேர்த்துப் போடுங்க, பார்க்கலாம்.