மறு: ஒலிபெருக்கிக்கு வேறு சொல் வேண்டுமா?

வணக்கம் நண்பர்களே,

> ஒலிபெருக்கி நிலைத்துவிட்ட சொல், ஏன் தொட வேண்டும்?

பொதுவழக்கில் தொட வேண்டாம். காவல்துறை அறிவிப்பில் 'கூம்பு வடிவ ஒலிபெருக்கி' என்றே வருகிறது, ஊரில் அதுவும் இல்லை, 'குழாய் கட்டியிருக்காங்க' என்றால் எல்லாருக்கும் புரியும். ஆனால் மின்சாரத்தை ஒலியாகவும் ஒலியை மின்சாரமாகவும் மாற்றுவதைப் பற்றிய மின்னொலியியல் பாடம் எழுத உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே இந்தச் சொல் காலை வாரிவிடுகிறது.

பெருக்குவது ஆம்ப்ளிஃபயர், அதற்குத்தான் பெருக்கி என்று பெயர் வைத்திருக்கிறோம். ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை. காந்த இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய காகிதக் கூம்பு, மின்னோட்டம் மாற மாறச் சுருள் முன்னும் பின்னும் போகிறது, கூம்பு காற்றைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். 1925இல் அமெரிக்கப் பொறியாளர்கள் ரைஸும் கெல்லாக்கும் விவரித்த அமைப்புதான் இன்றும் பெரும்பாலும். வீட்டு ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தால் 1 வாட் ஒலியாக வெளியே வந்தாலே பெரிய விஷயம், மீதி சுருளில் சூடாகப் போகிறது. நூற்றில் தொண்ணூற்றொன்பதைத் தொலைக்கிற சாமானுக்குப் பெருக்கி என்று பெயர்! கோயில் குழாய் இதைவிடத் தேவலை, ஆனால் அதன் வாயும் சக்தியைக் கூட்டுவதில்லை, உள்ளே இருக்கும் சின்னத் தகட்டுக்குக் காற்றோடு நல்ல பிடிப்பு கிடைக்கச் செய்கிறது.

மைக்குக்கு ஒலிவாங்கி நல்ல சொல். அதற்கு ஜோடியாக ஒன்று வேண்டும். ஒலிப்பான் என்றால் வண்டி ஹாரன், ஒலிபரப்பி என்றால் வானொலி நிலையம் நினைவுக்கு வரும், வழங்கியை சர்வருக்குக் கொடுத்துவிட்டோம். என் பரிந்துரை ஒலியுமிழி. எல்இடிக்கு ஒளியுமிழ் டயோடு என்று ஏற்கெனவே சொல்கிறோம், அதே உமிழ்.

---

ஐயா, உமிழ் என்றதும் துப்பல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது, அதைக்கூட விடுங்கள், வகுப்பில் வாயால் சொல்லும்போது ஒலியுமிழியும் ஒளியுமிழியும் எப்படிப் பிரியும்? நம் ஆட்கள் ல, ள உச்சரிக்கிற லட்சணம் தெரியாதா? அப்புறம் இன்டர்காமில் ஒரே ஸ்பீக்கர்தான் மைக்காகவும் வேலை செய்கிறது. அங்கே எந்தப் பெயர்?

---

இன்டர்காம் கேள்வி சரியான கேள்வி. சுருளை மின்சாரம் அசைத்தால் ஒலி, ஒலி அசைத்தால் மின்சாரம், சாமான் ஒன்றே. எனவே இரண்டுக்கும் பொதுவாக மின்னொலிமாற்றி என்று வைக்கலாம். வெறும் மின்மாற்றி டிரான்ஸ்ஃபார்மருக்குப் போய்விட்டதால் நடுவில் ஒலி கட்டாயம் வேண்டும். ஒலிவாங்கியும் ஒலியுமிழியும் அது செய்கிற வேலையைப் பொறுத்த பெயர்கள்.

ல, ள சிக்கலுக்கு என்னிடம் மருந்து இல்லை, ஒலிபரப்பும் ஒளிபரப்பும் இத்தனை வருடம் அதோடுதான் குடித்தனம் நடத்துகின்றன. துப்பல் பிடிக்காதவர்கள் ஒலியெழுப்பி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அழைப்பு மணியும் ஒலி எழுப்பும்.

பெட்டியோடு சேர்ந்த முழுச் சாதனம் ஒலிபெருக்கியாகவே இருக்கட்டும், உள்ளே சுருளும் கூம்புமாக இருக்கும் பாகத்துக்கு, அதாவது டிரைவருக்கு, மட்டும் ஒலியுமிழி. தாழ்ந்த ஒலிக்கான டிரைவர் வூஃபர், உயர்ந்த ஒலிக்கானது ட்வீட்டர்; வூஃபர் நாய்க் குரைப்பிலிருந்தும் ட்வீட்டர் குருவிக் கீச்சிலிருந்தும் வந்த பெயர்கள், கீச்சி என்று ட்வீட்டருக்கு வைக்க ஆசைதான். வூஃபருக்கு யாராவது சொல்லுங்கள், உறுமி வேண்டாம், அது ஏற்கெனவே ஒரு தோல்கருவி.